சென்னை ஓப்பன் போனப்போ கூடவே போன மூணு இடங்கள்

(எபிசோடோட திருத்தப்பட்ட எழுத்து வடிவம் இது. பேச்சுல வர்ற இழுவையை வெட்டியிருக்கோம். படிக்க வசதியா நடுநடுவுல தலைப்பு போட்டிருக்கோம்.)

விளையாட்டு பத்திப் பேசுற ஒவ்வொரு எபிசோடுக்கு அப்புறமும் தவறாம ஒரு கேள்வி வந்துடும். "140 கோடி பேர் இருக்கோம், டென்னிஸ்ல ஆண்கள் ஒற்றையர்ல நம்ம ஆள் ஒருத்தர்கூட ஏங்க மேல இல்ல?"

இதுக்கு டீக்கடைல மூணு பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு, நமக்கு உடம்பு பத்தாது. ரெண்டு, எல்லாப் பணமும் கிரிக்கெட்டுக்குப் போயிடுது. மூணு, அது பணக்காரங்க ஆட்டம். மூணுலயும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா இன்னிக்கு நான் பேசப்போறது நாலாவதா ஒண்ணு. அது திறமை பத்தினது இல்ல, வாசல் பத்தினது. ஒரு ஆட்டக்காரர் மைதானத்துக்குள்ள எப்படி நுழையுறார்? அந்த வாசலை யார் வெச்சிருக்காங்க? நம்ம கைல இருந்த ஒரு வாசல் எப்படிப் போச்சு?

அதுக்கு எடுத்துக்கப்போற கதை சென்னை ஓப்பன். 1997-லேருந்து 2017 வரைக்கும் 21 வருஷம் நுங்கம்பாக்கத்துல நடந்த போட்டி. இருபது வயசுல இருக்கிற நம்ம நேயர்கள் நிறைய பேருக்கு அது அப்பா அம்மா பேப்பர்ல பார்த்த பேரா மட்டும் இருக்கும். அதனால அடியிலேருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு வாரம், 28 பேர்

ஆண்களுக்கான தொழில்முறை டென்னிஸை நடத்துற அமைப்பு ஏடிபி. வருஷத்துல கிட்டத்தட்ட எல்லா வாரமும் உலகத்துல எங்கயாவது ஒரு ஊர்ல போட்டி நடக்கும். போட்டிகளுக்குப் பேரே எண்தான்: 250, 500, 1000. ஜெயிக்கிறவருக்கு எத்தனை புள்ளியோ அதுதான் போட்டியோட தரம். இதுக்கெல்லாம் மேல நாலு கிராண்ட் ஸ்லாம், அதுல ஜெயிச்சா 2000. சென்னைல நடந்தது 250 வகை.

ஒரு 250 போட்டில ஒற்றையர் டிராவுல பெரும்பாலும் 28 பேர். டிரான்னா யார் யார்கூட மோதுறாங்கன்னு மரக்கிளை மாதிரி வரையிற அட்டவணை. 28-ங்கிறது ரெண்டோட அடுக்கு இல்ல, 32 தான் அடுக்கு. அதனால மேல இருக்கிற நாலு பேருக்கு முதல் சுற்று கிடையாது, நேரா ரெண்டாவது சுற்று. மத்தவங்க அஞ்சு மேட்ச் ஜெயிச்சா கோப்பை.

இந்த 28 பேரை எப்படித் தேர்ந்தெடுக்குறாங்க? போட்டிக்குச் சில வாரத்துக்கு முன்னாடி ஒரு தேதில தரவரிசையைப் பார்ப்பாங்க. விண்ணப்பிச்சவங்களை எண்படி வரிசையா நிறுத்தி, இடம் நிரம்புற வரைக்கும் எடுத்துப்பாங்க. பெரும்பாலான இடம் இப்படியே தீர்ந்துடும். மிச்சத்துல நாலு இடம் க்வாலிஃபையர்களுக்கு, அதாவது முன்கூட்டி தகுதிச் சுற்று ஆடி ஜெயிச்சு வர்றவங்களுக்கு. கடைசியா மூணு இடம். அதுக்குப் பேர் வைல்ட் கார்டு. அந்த மூணு பேர் யாருன்னு போட்டியை நடத்துறவங்களே முடிவு பண்ணலாம். தரவரிசை எண் தடையா இருக்காது.

இந்த எபிசோட் முழுக்க அந்த மூணு இடத்தைப் பத்தினதுதான்.

தரவரிசைங்கிறது ஒரு அணை

வைல்ட் கார்டு ஏன் முக்கியம்னு புரியணும்னா தரவரிசை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். நிறைய பேர் இதை மார்க் ஷீட் மாதிரி நினைச்சுக்கிறாங்க. ஒருதடவை வாங்கின மார்க் நம்மகூடவே இருக்கும்னு. அப்படி இல்லைங்க.

நான் மேட்டூர்க்காரன். எங்க ஊர்ல காலைல பேப்பர் பிரிச்சா கண்ணு தன்னால போற இடம் ஒண்ணு இருக்கு: அணை நிலவரம். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. முழுக் கொள்ளளவு 120 அடி. வரத்து திறப்பைவிட அதிகம்னா மட்டம் ஏறும், குறைஞ்சா இறங்கும். போன ஆடிப்பெருக்குக்கு நிரம்பி வழிஞ்சதுங்கிறது இந்த ஆடிக்கு உதவாது.

டென்னிஸ் தரவரிசை அப்படியே இதுதான். இந்த வாரம் ஜெயிச்ச புள்ளி நீர்வரத்து. சரியா 52 வாரம் முன்னாடி ஜெயிச்ச புள்ளி தானா வெளியேறிடும், அந்த மதகை யாராலயும் மூட முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணினி இந்தக் கணக்கைப் போட்டுப் புது மட்டத்தை அறிவிக்கும். ஆடின எல்லாப் போட்டியும் கணக்குல வராது, சிறந்த முடிவுகள் மட்டும்தான், அதுவும் இருபதுக்குள்ள. போன வருஷம் இதே வாரம் ஒருத்தர் பைனல் ஆடியிருந்தா, இந்த வருஷம் அதே வாரம் முதல் சுற்றுல தோத்தார்னா மட்டம் மடமடன்னு இறங்கும். கமென்ட்ரில "பாயின்ட்ஸ் டிஃபென்ட் பண்ணணும்"னு சொல்றது இதைத்தான்.

இந்தக் கணினித் தரவரிசை வந்தது 1973 ஆகஸ்ட்ல. முதல் முதல் இடம் ருமேனியாக்காரர் இலி நஸ்டாசேக்கு. அதுக்கு முன்னாடி யார் ஆடலாம்னு பெரும்பாலும் போட்டிக் கமிட்டிங்கதான் முடிவு பண்ணுவாங்க. பேரும் புகழும் பரிந்துரையும் பேசும். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1960-லயும் 1961-லயும் விம்பிள்டன் அரையிறுதி வரைக்கும் போனது அந்தக் காலத்துல. கணினி வந்தப்புறம் கமிட்டிகளோட கை கட்டுப்பட்டது. அது நல்ல விஷயம்தான். தெரிஞ்சவர் தெரியாதவர் பார்க்காது, எண் மட்டும் பார்க்கும். பழைய முறைல மிச்சம் இருக்கிற ஒரு துண்டுன்னு வைல்ட் கார்டைச் சொல்லலாம். எங்க பாஷைல சொன்னா, சிஸ்டம் முழுக்க ஆட்டோமேட் பண்ணிட்டு, அட்மினுக்கு மட்டும் ஒரு ஓவர்ரைடு பட்டன் விட்டு வெச்ச மாதிரி.

ஃப்ரெஷருக்கு ரெண்டு வருஷ அனுபவம்

சரி, எண் இருந்தா உள்ள போகலாம். எண் எங்கேருந்து வரும்? போட்டி ஆடினா வரும். போட்டி ஆட என்ன வேணும்? எண் வேணும். படிச்சு முடிச்சு வேலை தேடினவங்களுக்கு இது பழகின கதை. ஃப்ரெஷர் வேலைன்னு போட்டுட்டு ரெண்டு வருஷ அனுபவம் கேப்பாங்களே, அது.

இதுக்குத்தான் கீழ் ஏணி இருக்கு. அடிப்படில ஐடிஎஃப் நடத்துற எம்15 போட்டிகள். 15-ன்னா மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ஒற்றையர்ல ஜெயிச்சா 2,160 டாலரும் 15 புள்ளியும். முதல் சுற்றுல தோத்தா 156 டாலர், புள்ளி சைபர். வரி போக மிச்சம்தான் கைக்கு. விமானம், ஓட்டல், சாப்பாடு, ராக்கெட் நரம்பு கட்டுற செலவு எல்லாம் ஆட்டக்காரர் பாக்கெட்லேருந்து. கோச்சைக் கூட்டிக்கிட்டுப் போனா செலவு ரெட்டிப்பு.

இதுக்கு மேல படி எம்25, அதுக்கு மேல சேலஞ்சர், அதுக்கும் மேலதான் 250.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடலாம். இன்னிக்கு இருக்கிற முறைல 250 போட்டில பைனல் வரைக்கும் வந்து தோத்தாலே 165 புள்ளி. எம்15-ல கோப்பை ஜெயிச்சா 15. அதாவது ஒரு 250 பைனலுக்குச் சமமா வரணும்னா எம்15-ல 11 கோப்பை ஜெயிக்கணும். ஒரு கோப்பைக்கு அஞ்சு மேட்ச். 55 மேட்ச், ஒண்ணுகூட தோக்காம. 11 வாரம், 11 ஊர், பெரும்பாலும் பல நாடு. அதே 165 புள்ளிக்கு 250 போட்டில நாலு வெற்றி போதும். அந்த நாலு வெற்றி ரொம்பக் கஷ்டம்தான், எதிர்ல நிக்கிறவங்க உலகத் தரம். ஆனா அந்தக் கஷ்டத்தை முயற்சி பண்ணிப் பார்க்கிற வாய்ப்பே பெரும்பாலானவங்களுக்குக் கிடைக்கிறதில்லை.

வைல்ட் கார்டு இந்த ஏணியை வெட்டி எறியல. ஒரே ஒரு வாரத்துக்கு மட்டும், ஒரு ஆளை மேல் படில நிறுத்தி "ஆடிக் காட்டு"ன்னு சொல்லுது. அவ்வளவுதான்.

2009 ஜனவரி, நுங்கம்பாக்கம்

அப்படி ஒருத்தர் ஆடிக் காட்டினார்.

சோம்தேவ் தேவ்வர்மன். குவாஹாட்டில பிறந்து, சென்னைல டென்னிஸ் பயிற்சி எடுத்து, அமெரிக்கால வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல படிச்சவர். அங்க 2007-லயும் 2008-லயும் தொடர்ந்து ரெண்டு தடவை அமெரிக்கக் கல்லூரிகள் ஒற்றையர் சாம்பியன். கல்லூரி டென்னிஸ்ல எவ்வளவு ஜெயிச்சாலும் ஏடிபி மட்டத்துல ஒரு அடிகூட ஏறாது. 2009 சென்னை ஓப்பன் தொடங்கினப்போ அவர் தரவரிசை 202. அந்த எண்ணை வெச்சுக்கிட்டு நேரடியா மெயின் டிராவுக்குள்ள வர முடியாது. போட்டி நடத்துறவங்க வைல்ட் கார்டு கொடுத்தாங்க.

ரெண்டாவது சுற்றுல எதிர்ல நின்னவர் கார்லோஸ் மோயா. முன்னாள் உலக நம்பர் 1. அதே மைதானத்துல 2004-லயும் 2005-லயும் கோப்பை ஜெயிச்சவர். சோம்தேவ் ஜெயிச்சார். காலிறுதில இவோ கார்லோவிச், ஏழடிக்குக் கிட்ட உயரம், அவர் சர்வீஸைத் திருப்பி அடிக்கிறதே பெரும்பாடு. அங்கயும் சோம்தேவ் ஜெயிச்சார். அரையிறுதில ஜெர்மனியோட ரெய்னர் ஷூட்லர் காயத்தால விலகினதால வாக்ஓவர். பைனல்ல 20 வயசு மாரின் சிலிச்சோட மோதி 6-4, 7-6-ன்னு தோத்தார்.

கோப்பை கிடைக்கல. ஆனா அணைல தண்ணி ஏறிடுச்சு. அப்போ இருந்த முறைல பைனல் வந்ததுக்கு 150 புள்ளி. அடுத்த திங்கட்கிழமை தரவரிசை 200-ஐ விட்டு நல்லா மேல வந்தது. எண் மேல வந்தா பெரிய போட்டிகளோட தகுதிச் சுற்றுல இடம், அங்க ஜெயிச்சா இன்னும் புள்ளி. அதே வருஷம் யுஎஸ் ஓப்பன்ல தகுதிச் சுற்று தாண்டி உள்ள போய் முதல் சுற்றையும் ஜெயிச்சார். 2010-ல டெல்லி காமன்வெல்த்ல ஒற்றையர் தங்கம், குவாங்சோ ஆசிய விளையாட்டுல ஒற்றையர்லயும் இரட்டையர்லயும் தங்கம். 2011 ஜூலைல தரவரிசை 62.

சென்னை வைல்ட் கார்டு இல்லாட்டி இதெல்லாம் நடந்திருக்காதுன்னு நான் சொல்லமாட்டேன். அந்த ஆட்டம் இருந்தவர் எப்படியும் மேல வந்திருப்பார்னு வாதாடலாம். ஆனா அந்த ஒரு வாரம் அவருக்கு எத்தனை மாசப் பயணத்தை மிச்சப்படுத்துச்சுன்னு மேல போட்ட கணக்கே சொல்லும்.

21 வருஷத்துல நம்ம ஆள் ஜெயிக்கலையே?

இங்க நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு. 21 வருஷம் நடத்தினீங்க, ஒற்றையர் கோப்பையை ஒரு இந்தியராவது தூக்கினாரா? இல்ல. முதல் வருஷம் ஸ்வீடன்காரர் மைக்கேல் டில்ஸ்ட்ரோம், அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவோட பேட் ராஃப்டர், கடைசியா 2017-ல ஸ்பெயின்காரர் பட்டிஸ்டா அகுட். நடுவுல ஸ்டான் வாவ்ரிங்கா மட்டும் 2011, 2014, 2015, 2016-ன்னு நாலு தடவை. நம்ம ஆட்கள் இரட்டையர்ல கலக்கினாங்க, லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி ஜோடி மட்டும் அஞ்சு தடவை. ஒற்றையர்ல சோம்தேவோட பைனல்தான் உச்சம்.

அப்ப இவ்வளவு செலவு பண்ணி வெளிநாட்டுக்காரங்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தோமா?

மேட்டூர்க்காரனா இதுக்கு எனக்கு ஒரு பதில் இருக்கு. அணை எங்க ஊர்ல இருக்கு, பாசனம் டெல்டால நடக்குது. வழக்கமா ஜூன் 12-ல தண்ணி திறந்தா அது போய்ச் சேர்ற வயல் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம். மேட்டூர்ல எத்தனை மூட்டை நெல் விளைஞ்சதுன்னு கேட்டு அந்த அணையை அளக்க முடியாது. சொந்த ஊர்ப் போட்டியும் அப்படித்தான். பைனல்ல யார் கோப்பை தூக்கினாங்கங்கிறது ஒரு அளவு. முதல் சுற்று அட்டவணைல எத்தனை நம்ம பேர் இருந்துச்சுங்கிறது வேற அளவு. 21 வருஷம், வருஷத்துக்கு மூணு வைல்ட் கார்டுன்னு வெச்சா அறுபதுக்கும் மேல இடம். தகுதிச் சுற்றுல தர்ற வைல்ட் கார்டு இதுல சேரல.

தோக்குற முதல் சுற்றுலயும் ஒரு பாடம் இருக்கு. 2008 அரையிறுதில நடாலும் மோயாவும் மூணு செட்டும் டைபிரேக்கர், நாலு மணி நேரத்துக்குக் கிட்ட ஆடினாங்க. நடால் ஜெயிச்சார். மறுநாள் பைனல்ல மிகாயில் யூஷ்னிகிட்ட 6-0, 6-1-ன்னு தோத்தார். உலகத்தோட ரெண்டாம் நம்பர் ஆளோட உடம்புகூட அடுத்தடுத்த நாள் எப்படித் தாங்காமப் போகும்னு டிவில பார்க்கிறது ஒண்ணு. அதே லாக்கர் ரூம்ல உக்காந்து, அதே பிராக்டீஸ் கோர்ட்ல பந்து அடிச்சுப் பார்க்கிறது வேற. நுங்கம்பாக்கத்துல ஜனவரி மாசம் நம்ம பசங்களுக்கு அது சும்மா கிடைச்சது.

உரிமம் யார் கைல?

இப்ப கதையோட கசப்பான பகுதி. அந்தப் போட்டி எப்படிப் போச்சு?

பேர் சென்னை ஓப்பன். நடந்தது 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டின அரசு மைதானத்துல. அதனால அது சென்னையோட சொத்துன்னு நாம நினைச்சுக்கிட்டோம். ஆனா ஏடிபி காலண்டர்ல ஒரு வாரத்துல 250 போட்டி நடத்துறதுங்கிறது ஒரு உரிமம். அது ஊருக்குச் சொந்தம் இல்ல, வெச்சிருக்கிற நிறுவனத்துக்குச் சொந்தம். பஸ் ரூட் பர்மிட் மாதிரி யோசிங்க. ரோடு நம்ம ஊர் ரோடா இருக்கலாம், ஏறி இறங்குறது நம்ம ஜனமா இருக்கலாம், பர்மிட் வேற ஒருத்தர் பேர்ல இருந்தா அவர் முடிவு பண்றதுதான். சரியா சொல்லணும்னா இந்தப் பர்மிட் சென்னைலயே பிறந்ததும் இல்ல. 1996-ல டெல்லில நடந்துட்டு 1997-ல நம்மகிட்ட வந்தது. வந்த மாதிரியே போச்சு.

2017 ஜூலைல அறிவிச்சாங்க. 2018-லேருந்து போட்டி புனேக்கு மாறிடுச்சு, மகாராஷ்டிரா ஓப்பன்னு பேர். 2023 வரைக்கும் அங்க நடந்தது, நடுவுல 2021 மட்டும் இல்ல. 2024-ல காலண்டர்ல அந்த இடம் ஹாங்காங்குக்குப் போச்சு. அந்த சீசன்ல இந்தியாவுல ஒரு ஏடிபி டூர் போட்டிகூட இல்ல.

போட்டி இடம் மாறினா வாசலும் இடம் மாறும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2023 புனே போட்டில மானஸ் தாம்னேன்னு ஒரு பையனுக்கு வைல்ட் கார்டு கொடுத்தாங்க. வயசு 15. முதல் சுற்றுல அமெரிக்காவோட மைக்கேல் மோகிட்ட தோத்துட்டார், ஆனா 15 வயசுல ஏடிபி டூர் மேட்ச் ஆடிட்டார். அவர் எந்த ஊர்னு நினைக்கிறீங்க? புனே. இதுல தப்பு ஒண்ணும் இல்லைங்க. சொந்த ஊர்ப் பையனை மேடை ஏத்துறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். அதுக்குத்தான் ஊர்ல மேடை இருக்கணும்ங்கிறேன்.

பெரிய நாடுகள் இதை இன்னும் பெரிய அளவுல பண்றாங்க. கிராண்ட் ஸ்லாம்ல ஆண்கள் ஒற்றையர்ல எட்டு வைல்ட் கார்டு. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா மூணு நாட்டு டென்னிஸ் சங்கங்களும் ஆளுக்கொரு ஸ்லாம் வெச்சிருக்காங்க. தங்களுக்குள்ள வைல்ட் கார்டைப் பண்டமாற்று பண்ணிக்கிறாங்க, உன் ஆளுக்கு என் ஊர்ல ஒண்ணு, என் ஆளுக்கு உன் ஊர்ல ஒண்ணு. ஸ்லாம் இல்லாத நாடு இந்தச் சந்தைக்குள்ளயே போக முடியாது, கொடுக்க கைல ஒண்ணும் இல்ல.

104-ங்கிற கோடு

சரி, எல்லாம் போச்சா? இல்ல. ஒரு படி கீழ இன்னொரு வாசல் இருக்கு, சேலஞ்சர்.

கிராண்ட் ஸ்லாம்ல 128 பேர் டிரா. 16 க்வாலிஃபையர், 8 வைல்ட் கார்டு கழிச்சா 104. அதாவது தரவரிசைல ஏறக்குறைய முதல் 104 பேருக்கு நேரடி இடம். அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா வாழ்க்கையே வேற. 2024 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல முதல் சுற்றுல தோத்தாலே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர், நம்ம பணத்துல 60 லட்சத்துக்கு மேல. எம்15-ல முதல் சுற்று 156 டாலர்னு சொன்னேன்ல? அதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அந்தக் கோட்டுக்குக் கீழ நின்ன ஒருத்தர் சுமித் நாகல். ஹரியானாக்காரர், பள்ளி ஆசிரியரோட மகன். 2023 செப்டம்பர்ல, இந்தியாவோட நம்பர் 1 ஒற்றையர் வீரரா இருந்தப்பவே, வங்கிக் கணக்குல 900 யூரோதான் இருக்குன்னு வெளிப்படையா சொன்னார். ஏறக்குறைய 80,000 ரூபாய். நம்மள்ல பல பேரோட மாசச் சம்பளத்தைவிடக் கம்மி.

2024 ஜனவரில அவர் ஆஸ்திரேலியன் ஓப்பன் தகுதிச் சுற்றை ஜெயிச்சு, மெயின் டிராவுல 31-வது சீடு அலெக்ஸாண்டர் புப்ளிக்கைத் தோக்கடிச்சார். ஸ்லாம் ஒற்றையர்ல சீடு வாங்கின ஒருத்தரை ஒரு இந்தியர் தோக்கடிச்சது 35 வருஷத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி 1989-ல அதே ஆஸ்திரேலியன் ஓப்பன்ல நம்ம ரமேஷ் கிருஷ்ணன், அப்போ நம்பர் 1-ஆ இருந்த மேட்ஸ் விலாண்டரைத் தோக்கடிச்சதுதான்.

அப்பவும் நாகல் 100-க்கு வெளியதான் இருந்தார், 121. அடுத்து அவர் வந்தது சென்னைக்கு. பிப்ரவரில நுங்கம்பாக்கத்துல நடந்த சேலஞ்சர், ஜெயிச்சா 100 புள்ளி. பைனல்ல இத்தாலியோட லூகா நார்டியை 6-1, 6-4-ன்னு ஜெயிச்சார். திங்கட்கிழமை தரவரிசை 98. 2019-ல நம்ம சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 100-க்குள்ள இருந்ததுக்கு அப்புறம் அந்தக் கோட்டைத் தாண்டின முதல் இந்தியர். அந்த வருஷம் பிரெஞ்சு ஓப்பன்லயும் விம்பிள்டன்லயும் நேரடி இடம், ஜூலைல 68.

நாகலுக்கு மெல்போர்ன்ல கிடைச்சது பெரிய வெற்றி. ஆனா 100-க்குள்ள கொண்டுவந்தது நுங்கம்பாக்கத்துல ஒரு வாரம். பெரிய ஸ்பான்சர், பெரிய நட்சத்திரம் எதுவும் இல்லாத ஒரு சேலஞ்சர் அந்த வேலையைச் செஞ்சது.

மேட்டூர்லேருந்து பார்த்தா

இந்த எபிசோடைக் கேக்குறவங்கள்ல சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இருக்கிறவங்க "சென்னைல போட்டி நடந்தா எங்களுக்கென்ன?"ன்னு கேக்கலாம். நியாயம்தான். சென்னைல மேடை போட்டா மட்டும் மேட்டூர்ப் பையன் மேல வந்துட மாட்டான். அவனுக்கு முதல்ல ஒரு கோர்ட் வேணும், கோச் வேணும், பன்னெண்டு வயசுலேருந்து செலவு பண்ண வீட்டுல தெம்பு வேணும். அந்தக் குறையை எந்த வைல்ட் கார்டும் தீர்க்காது.

ஆனா தூரத்தைக் கணக்குல எடுங்க. சேலத்துலேருந்து ராத்திரி ரயில் ஏறினா காலைல சென்ட்ரல். அப்பாவோட ஒரு டிக்கெட் சேர்த்தாலும் ஒரு வீடு தாங்குற செலவு. அதே தகுதிச் சுற்று ஹாங்காங்ல நடந்தா பாஸ்போர்ட், விமானம், ஓட்டல்னு போகும், முதல் நாளே தோத்தா அவ்வளவும் காலி. தோத்தாலும் பரவாயில்ல, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு சொல்ல முடியுற ஊர்லதான் ஒருத்தன் ஆட்டக்காரனா வளர முடியும். ஐரோப்பாப் பசங்களுக்கு அந்த வசதி இருக்கு, ரயில்லயே நாலு நாடு போய் ஆடிட்டு வந்துடலாம்.

அதனால என்னோட முடிவு இது. பழைய 250 திரும்பி வருமான்னு ஏங்கிக்கிட்டு இருக்கிறது பெருசா பயன்படாது. ஏடிபியே 250 போட்டிகளோட எண்ணிக்கையைக் குறைச்சுக்கிட்டு வருது, உரிமம் கிடைக்கிறதும் சுலபமில்ல. வேணும்ங்கிறது கீழ் படிகள். வருஷத்துக்கு ஒரு சேலஞ்சர் போதாது. மூணு நாலு எம்15, எம்25 போட்டிகள் அடுத்தடுத்த வாரம், அடுத்தடுத்த ஊர்ல, சென்னையோட நிக்காம கோயம்புத்தூர், மதுரை, சேலம்னு நடக்கணும். ஒரு பையன் ஒரே மாசத்துல பஸ்லயும் ரயில்லயும் போய் நாலு தடவை ஆடிப் பார்க்கலாம். ஒவ்வொரு போட்டிலயும் நடத்துறவங்க கைல சில வைல்ட் கார்டு இருக்கும். நட்சத்திரம் வராது, டிவி வராது. வரத்து மட்டும் இருக்கும். அணைக்கு அதுதானே வேணும்?

நம்ம பங்குக்கு ஒண்ணு செய்யலாம். அடுத்த தடவை நுங்கம்பாக்கத்துல சேலஞ்சர் நடக்குதுன்னு செய்தி வந்தா பைனலுக்காகக் காத்திருக்காதீங்க. முதல் ரெண்டு நாள் போங்க. டிராவைக் கைல எடுத்து, பேருக்குப் பக்கத்துல டபிள்யூசின்னு போட்டிருக்கிற மூணு பேரைத் தேடுங்க. அவங்க எந்த கோர்ட்ல ஆடுறாங்கன்னு பார்த்து அங்க போய் உக்காருங்க. பெரும்பாலும் தோப்பாங்க. சில சமயம் ரெண்டாவது சுற்றுல மோயா மாதிரி ஒருத்தர் எதிர்ல நிப்பார்.

அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.